1080ஐ, 1080பி, 4கே: டிவி மெனுவில் இருக்கும் எண்கள் சொல்வது என்ன?

எச்டி சந்தா கட்டியாகிவிட்டது. செட்டாப் பாக்ஸும் எச்டி, டிவியும் 43 அங்குல ஃபுல் எச்டி. ஆனாலும் படம் பழைய டப்பா டிவியில் பார்த்த மாதிரியே மங்கலாக இருக்கிறதா? முதலில் டிவியின் முதுகைப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை கொண்ட ஏவி கேபிள் செருகியிருந்தால் காரணம் அதுதான். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படத்தைக் கொண்டு வருவது மஞ்சள் ஒன்றே. அந்தக் கம்பி எந்தக் காலத்து டிவிக்காக உருவானதோ அந்தக் காலத்துப் படத்தைத்தான் சுமக்கும்: 576 வரிகள், அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது. பாக்ஸுக்குள் 1080 வரியாக வந்து இறங்கிய படம், இந்த ஒற்றைக் கம்பிக்குள் நுழைவதற்காக 576 ஆகச் சுருங்குகிறது. டிவிக்குள் போனதும் மறுபடி 1080 ஆக இழுக்கப்படுகிறது. சுருக்கியபோது போன விவரம் இழுக்கும்போது திரும்பி வராது. எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி, ரிமோட்டில் சோர்ஸை எச்டிஎம்ஐக்கு மாற்றினால் இந்தக் குறை தீர்ந்தது.

கேபிளை மாற்றியதும் அடுத்த கேள்வி வந்துவிடும். பாக்ஸின் செட்டிங்ஸில் 576பி, 720பி, 1080ஐ, 1080பி என்று நாலைந்து வரிசையாக நிற்கும். இருப்பதிலேயே பெரியதாகத் தெரிவதைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரது வழக்கம். அது எப்போதும் சரியாக அமையாது. எண் எதைச் சொல்கிறது, அதன் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்து எதைச் சொல்கிறது என்று தெரிந்தால் நீங்களே முடிவு செய்யலாம்.

எண்: எத்தனை வரிகள்

எண், படத்தில் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாகப் பிக்சல் எனும் புள்ளிகள் இருக்கின்றன. 720 என்றால் வரிக்கு 1280 புள்ளி, மொத்தம் 9,21,600. 1080 என்றால் (இதுதான் ஃபுல் எச்டி) வரிக்கு 1920 புள்ளி, மொத்தம் 20,73,600. நம் பழைய சாதாரணத் தரம் 576 வரி, வரிக்கு 720 புள்ளி, மொத்தம் 4,14,720. வகுத்துப் பாருங்கள்: ஃபுல் எச்டி அதைப் போல் சரியாக ஐந்து மடங்கு.

576 என்ற எண் பால் என்ற அனலாக் முறைக்கு உரியது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது அந்த முறையைத்தான். அதில் மொத்தம் 625 வரிகள். ஆனால் டிவி குழாயின் எலெக்ட்ரான் கற்றை திரையின் அடியைத் தொட்டபின் உச்சிக்குத் திரும்பிப் போக நேரம் வேண்டும். அதற்கு ஒதுக்கியது போகப் படத்துக்குக் கிடைத்தது 576. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 525-இல் 480. அந்தக் கணக்கில் நாம் அவர்களைவிடக் கொஞ்சம் தெளிவான படமே பார்த்து வந்தோம்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். பழைய படம் 4-க்கு 3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டது. இன்றைய திரை 16-க்கு 9. பழைய நிகழ்ச்சியைத் திரை முழுக்க இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். எழுபதுகளின் கதாநாயகிக்கு முகம் உப்பித் தெரிவது இதனால்தான். ரிமோட்டில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் என்ற இடத்தில் 4:3 என்று வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். அகன்ற திரைப் படம் ஓடும்போது மேலும் கீழும் வரும் பட்டைக்கும் இதே விளக்கம்தான்: 2.39-க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்த சினிமாஸ்கோப் படம் 1920 புள்ளி அகலத்தில் சுமார் 803 வரி உயரம்தான் பிடிக்கும். மீதி வரிகளில் காட்ட எதுவும் இல்லை. ஜூம் செய்து நிரப்பினால் ஓரத்தில் நிற்கும் நடிகர் காணாமல் போவார்.

4கே என்று வரும்போது எண்ணும் முறையே மாறிவிடுகிறது. அதுவரை உயரத்தை எண்ணியவர்கள் இங்கே அகலத்தை எண்ண ஆரம்பித்தார்கள். திரையரங்கின் 4கே அகலம் 4096 புள்ளி. வீட்டு டிவியில் 4கே என்று அழைக்கப்படுவது 3840 புள்ளி, 2160 வரி. 1080-க்கும் 4கே-க்கும் இடையே வரிகள் இரண்டு மடங்கு, மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்கு.

இன்னொரு பெயர், 32 அங்குல டிவிப் பெட்டிகளின் மேல் அதிகம் காணப்படும் எச்டி ரெடி. ஐரோப்பாவில் 2005-இல் வந்த இந்த முத்திரைக்கு, திரையில் குறைந்தது 720 வரி இருந்து, 720பி, 1080ஐ இரண்டையும் வாங்கிக்கொள்வது முக்கிய நிபந்தனை. கடையில் கிடைக்கும் எச்டி ரெடி திரைகளில் பெரும்பாலானவை 1366-க்கு 768. இந்த அளவில் எந்த ஒளிபரப்பும் கிடையாது. 720 வந்தால் இழுக்க வேண்டும், 1080 வந்தால் சுருக்க வேண்டும். எதுவும் புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது. இப்படிப்பட்ட டிவிக்கு பாக்ஸில் 720பி வைப்பதைவிட 1080ஐ வைப்பது பெரும்பாலும் நல்லது. 720பி வைத்தால் பாக்ஸ் ஒருமுறை சுருக்கும், டிவி ஒருமுறை இழுக்கும். 1080ஐ வைத்தால் அளவு மாற்றும் வேலை ஒரே முறையில் முடியும்.

எழுத்து: ஐ-யா, பி-யா

பி என்பது புரோகிரசிவ்: ஒவ்வொரு முறையும் முழுப் படம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஐ என்பது இன்டர்லேஸ்டு: முதலில் 1, 3, 5 என ஒற்றை வரிகள் மட்டும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து 2, 4, 6 என இரட்டை வரிகள். இந்த அரைப்படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். 1080ஐ-இல் ஒரு ஃபீல்டுக்கு 540 வரி, நொடிக்கு 50 ஃபீல்டு. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் எப்படியோ அப்படி இரண்டு ஃபீல்டும் சேர்ந்து ஒரு முழுப் படம்.

ஏன் இந்தச் சுற்றுவழி? குழாய் டிவிக் காலத்தில் நொடிக்கு 25 முழுப் படம் காட்டினால் திரை கண்ணை உறுத்தும்படி மினுக்கும். 50 முழுப் படம் அனுப்ப அலைவரிசையில் இடமில்லை. பாதிப் பாதியாக 50 முறை அனுப்பினால் மினுக்கலும் அடங்கும், இடமும் போதும். அந்த நாளைய தேவைக்கு மிக நேர்த்தியான தீர்வு அது.

இன்றைய தட்டையான திரைக்கு அரைப்படம் காட்டத் தெரியாது. எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகத்தான் ஏற்றும். ஆகவே வந்த இரண்டு ஃபீல்டையும் யாராவது சேர்த்துத் தைத்து முழுப் படமாக்க வேண்டும். இந்த வேலைக்கு டீஇன்டர்லேசிங் என்று பெயர். தையல் நன்றாக விழுந்தால் தெரியாது; கோணினால் கண்ணைக் குத்தும்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, ஒரு ஃபீல்டுக்கும் அடுத்த ஃபீல்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட 78 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டையும் அப்படியே கோத்தால் ஒரே படத்தில் பந்து இரண்டு இடத்தில் இருக்கும், அதுவும் கோடு கோடாக. ஓடிவரும் பந்துவீச்சாளரின் கை விளிம்பில் சீப்புப் பல் போல ஒரு கிழிசல் தெரிந்தால் காரணம் இதுதான். நல்ல டிவி, அசையாத இடங்களில் இரண்டு ஃபீல்டையும் கோத்து, அசையும் இடங்களில் மட்டும் ஒரு ஃபீல்டை வைத்து இடைவெளியை ஊகித்து நிரப்பும். மைதானத்துப் புல் கூர்மையாகவும், ஓடும் ஆள் சற்று மழுங்கியும் தெரிவார்.

தமிழ்ச் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து இதற்கு இன்னும் கடுமையான சோதனை. ட, ப போன்ற எழுத்துகளின் அடிக்கோடு மெலிதாக இருந்தால் அது ஒற்றை வரியிலோ இரட்டை வரியிலோ மட்டும் விழும். நொடிக்கு 25 முறை தோன்றி மறைந்து நடுங்கும். இந்த நடுக்கத்தைத் தவிர்க்கவே ஒளிபரப்புக்கு முன் படத்தை மேலும் கீழுமாக லேசாக மழுக்குவார்கள். அதனால் 1080ஐ-இன் உண்மையான தெளிவு 1080-க்குச் சற்றுக் குறைவு.

ஆனால் சினிமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. சினிமாவில் இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிரேமிலிருந்து, அதாவது ஒரே முழுப் படத்திலிருந்து வெட்டியவை. இடையில் எதுவும் நகர்வதில்லை. டிவி சரியான ஜோடியைக் கண்டுபிடித்துக் கோத்துவிட்டால் முழு 1080பி படம் அப்படியே கிடைத்துவிடும். 1080ஐ என்றாலே மட்டம் என்று நினைப்பது தவறு.

அசைவு அதிகமுள்ள விளையாட்டுக்காகவே சில நாட்டு ஒளிபரப்பாளர்கள் வரியைக் குறைத்துக்கொண்டு 720பி-யைத் தேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஏபிசி, ஃபாக்ஸ் 720பி. சிபிஎஸ், என்பிசி 1080ஐ. ஜெர்மனியின் ஏஆர்டி, இசட்டிஎஃப் இரண்டும் 720பி. நொடிக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் விஷயம் விளங்கும்: 1080ஐ-இல் 5,18,40,000, 720பி-இல் 4,60,80,000. ஏறத்தாழ ஒரே எடைதான். ஒருவர் அதை நுணுக்கத்துக்குச் செலவிட்டார், மற்றவர் அசைவுக்கு. நொடிக்கு 50 முழுப் படம் தரும் 1080பி என்றால் 10,36,80,000, அதாவது 1080ஐ-இன் இரட்டிப்பு. அதனால்தான் இந்தியாவில் எச்டி சேனல்கள் 1080ஐ-ஆகவே வருகின்றன.

இப்போது பாக்ஸ் மெனுவுக்குத் திரும்பலாம். அங்கே 1080பி என்று வைத்தால் செயற்கைக்கோளிலிருந்து 1080பி வரப்போவதில்லை. தைக்கும் வேலையை டிவிக்குப் பதிலாகப் பாக்ஸ் செய்யும், அவ்வளவுதான். ஆக, இருவரில் யார் நல்ல தையல்காரர் என்பதே கேள்வி. ஓரளவு நல்ல நிறுவனத்து டிவி என்றால் பெரும்பாலும் டிவிதான். சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். பாக்ஸில் 1080ஐ வைத்து, எச்டி செய்திச் சேனலின் ஓடும் எழுத்தைத் திரைக்கு அருகில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு 1080பி-க்கு மாற்றி அதே சேனலில் அதே இடத்தைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் எதில் நடுங்காமல், கிழியாமல் ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் உண்மையில் நடந்ததா என்று அறிய டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். உள்ளே வரும் சிக்னல் என்ன என்பதைப் பல டிவிகள் மூலையில் காட்டும்.

நொடிக்கு எத்தனை

50 என்ற எண் மின்சாரத்திலிருந்து வந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 துடிப்பு; அமெரிக்காவில் 60. டிவியின் துடிப்பை மின்சாரத்தின் துடிப்போடு பொருத்தினால் விளக்கொளியோடும் மின் குறுக்கீட்டோடும் மோதல் குறையும் என்று தொடக்க காலத்திலேயே அப்படி வைத்தார்கள். சில ஆவணங்களில் 1080ஐ/50 என்றும் சிலவற்றில் 1080ஐ/25 என்றும் பார்ப்பீர்கள். முன்னது ஃபீல்டையும் பின்னது முழுப் படத்தையும் எண்ணுகிறது. இரண்டும் ஒன்றே.

சினிமாவின் வேகம் நொடிக்கு 24 படம். அதை 25-க்குக் கொண்டுவர எளிய வழி, படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டுவது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது; காது கண்டுபிடிக்கும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதி கேட்டறியும் அளவுக்கு ஏறிவிடும். பால் முறை நாடுகளில் வெளிவந்த பல டிவிடிகளில் இந்த வேறுபாட்டைக் கேட்கலாம்.

வீட்டில் அதிகம் வரும் கோளாறு வேறு. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் 60 ஹெர்ட்ஸில் நிலைத்திருக்க, ஓடும் நிகழ்ச்சியோ 25 அல்லது 50-ஆக இருக்கும். 50-ஐ 60 ஆக்க, ஒவ்வோர் ஐந்து படத்துக்கும் ஒன்றை இருமுறை காட்ட வேண்டும். நொடிக்குப் பத்து சின்னத் தடுக்கல். கேமரா மெதுவாகத் திரும்பும்போதும், ஓடும் எழுத்திலும் இது நன்றாகத் தெரியும். இணைய வேகத்தைக் குறை சொல்வதற்கு முன், ஸ்டிக்கின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மேட்ச் ஃபிரேம் ரேட் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இயக்குங்கள், இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸுக்குக் கையால் மாற்றுங்கள். அதே போல் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த செல்போன் வீடியோவில் பட்டை பட்டையாக இருள் நகர்ந்தால், கேமரா செட்டிங்ஸில் நொடிக்கு 30 படம் என்பதை விட்டு 25-க்கு மாறி, ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் வையுங்கள்.

வரி ஒன்றே, எடை வேறு

1080 வரி இருந்தும் படம் கெடுவதற்குப் பெரிய காரணம் பிட்ரேட், அதாவது நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது. ஸ்டுடியோவுக்குள் எச்டி படம் ஓடும் கேபிள் நொடிக்கு 1.485 கிகாபிட் சுமக்கிறது. வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியைக் கோடெக் எனும் சுருக்கும் முறை பிழிந்தெடுத்துவிடுகிறது. டிவிடி பயன்படுத்தியது எம்பெக்-2. 2003-இல் வந்த எச்.264, அதே தரத்தை ஏறக்குறைய பாதி இடத்தில் தந்தது. 2013-இல் வந்த எச்இவிசி அதிலும் பாதியை நோக்கிப் போனது.

எம்பெக்-2, எச்.264 இரண்டும் படத்தை 16-க்கு 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டி வேலை செய்கின்றன. 1080-ஐ 16-ஆல் வகுத்தால் மிச்சம் விழும். அதனால் உள்ளே 1088 வரியாகப் பதிந்து, காட்டும்போது கடைசி 8 வரியை வெட்டிவிடுகிறார்கள். சில பிளேயரில் படத்தின் அடியில் மெல்லிய பச்சை அல்லது சாம்பல் கோடு தெரிந்தால் அந்த எட்டு வரி வெட்டப்படாமல் நழுவியிருக்கலாம்.

முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்புவதுதான் கோடெக்கின் சூத்திரம். எல்லாமே மாறினால் திணறும். மழை, அருவி, பூ மாரி, கைதட்டும் கூட்டம் போன்ற காட்சிகளில் திரை சதுரம் சதுரமாக உடைவது அதனால்தான். தரவு பற்றாத 1080-ஐவிடத் தாராளமாகத் தரவு கொடுத்த 720 கண்ணுக்கு நன்றாக இருக்கும். இதில் சந்தேகமே வேண்டாம். ப்ளூ-ரே தட்டில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. இணையத்தில் 5 மெகாபிட்டில் ஓடும் 1080பி-யும் அதுவும் ஒரே பெயர் கொண்டவை, ஒரே படமல்ல. அந்த 5 மெகாபிட் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி டேட்டா தின்னும். தினசரி டேட்டா பேக்கில் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பென்டிரைவில் கொண்டுவந்த படம் டிவியில் ஓடாதபோது எம்பி4, எம்கேவி என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அவை வெறும் உறை. உள்ளே இருக்கும் கோடெக்தான் ஓடுவதையும் ஓடாததையும் முடிவு செய்கிறது. படம் வந்து ஒலி வராவிட்டால் ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கலாம். அதற்கு வசதியில்லாத டிவிகள் நிறைய. ஒலி வந்து திரை கறுப்பாக நின்றால் அந்த டிவிக்கு எச்இவிசி தெரியாமல் இருக்கலாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு பென்டிரைவில் ஏறவே மறுத்தால், டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது.

ஓரம், நிறம், தூரம்

எல்லாம் சரியாக இருந்தும் படம் லேசாக மழுங்கித் தெரிந்தால் ஓவர்ஸ்கேனைச் சந்தேகியுங்கள். குழாய் டிவியின் ஓரக் கோணலை மறைக்க, படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் பழைய வழக்கம் இது. பல டிவிகள் இன்றும் அதை விடவில்லை. 5 சதவீதம் வெட்டினால் 1920-இல் 1824 புள்ளியை எடுத்து மீண்டும் 1920-க்கு இழுக்க வேண்டும். திரை முழுக்கக் கூர்மை சற்றுக் குறையும். லேப்டாப்பை இணைத்தால் அடியில் டாஸ்க்பார் பாதி மறைவது இதன் அடையாளம். பிக்சர் சைஸில் எல்ஜி டிவியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட், வேறு சிலவற்றில் டாட் பை டாட் என்று இருக்கும். அதை இயக்குங்கள்.

நிறத்தில் ஒரு கோளாறு அடிக்கடி வரும். வீடியோ உலகில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினி உலகில் 0, 255. அனுப்புவதும் வாங்குவதும் வேறு வேறு கணக்கில் இருந்தால், ஒன்று கறுப்பு வெளிறிச் சாம்பலாகும், அல்லது தலைமுடி இழை தெரியாமல் ஒரே கறுப்புத் திட்டாகும். டிவியில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல், லேப்டாப்பில் லிமிடெட், ஃபுல் என்ற தேர்வு இரண்டையும் ஒன்றாக்கினால் சரியாகும்.

கடைசியாகக் கண். ஆறுக்கு ஆறு, அதாவது இயல்பான பார்வையுள்ளவர் ஒரு பாகையில் (டிகிரியில்) அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிவார். அந்தக் கணக்கில் 1080-இன் வரிகள் திரை உயரத்தைப் போல் 3.2 மடங்கு தூரம் வரைதான் பயன்படும். 4கே-இன் வரிகள் 1.6 மடங்கு வரை. 43 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 53 சென்டிமீட்டர். அதாவது ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் 1080-க்கும் 4கே-க்கும் வரிகளில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. பத்தடி தள்ளி சோபா போட்டிருக்கும் கூடத்தில் 1080-ஐத் தாண்டிய வரிகள் பயன்பட வேண்டுமானால் திரை 77 அங்குலமாவது இருக்க வேண்டும். கடையில் ஓரடி தள்ளி நின்று இரண்டு டிவியை ஒப்பிட்டுப் பார்ப்பது ஏமாற்றும். வீட்டில் திரையிலிருந்து சோபா வரை டேப் வைத்து அளந்துகொண்டு, கடையிலும் அதே தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.